நூலு அவினாசிக்குள்ள போகலீங்ணா

(பெருந்துறைப் பக்கம் ஒரு வீட்டு ஆசாரம். கல்யாணச் சீராக வந்து, முப்பது வருஷமாக டிவியைத் தாங்கிக்கொண்டிருந்த கருப்புத் தையல் மெஷின் இன்றைக்குத்தான் திறந்திருக்கிறது. எதிரே பழனிச்சாமி, ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். தெருக்கோடியில் ஜாக்கெட் தைக்கும் மரகதம் உள்ளே வருகிறார்.)

பழனிச்சாமி: வா அம்மிணி. உன்ற நங்கையா, அதான் என்ற ஊட்டுக்காரி, நோம்பிக்குப் போயிருக்கறா. அவ வர்றதுக்குள்ள இந்தச் சென்னிமலைப் போர்வைத் துண்டுல ரண்டு தலகாணி உறை தைச்சு வெச்சரோணும். கீழ் நூல் சுத்துன உருளையை வெக்கற இந்த பாபின் கேசுதான் மக்கர் பண்ணுது. பாரு, துணிக்கு அடீல தூக்கணாங்குருவிக் கூடு.

மரகதம்: கூடு அடீல கட்டுனா, கோளாறு மேலயாக்குமுங்ணா. பாபின் கேஸ் ஸ்க்ரூவைத் தொட்டீங்களா?

பழனிச்சாமி: சும்மா ரண்டு சுத்து.

மரகதம்: ரண்டு சுத்தா! கால் சுத்துக்கே அங்க ஊரு மாறிப் போயிருமுங். சரி, பொறவு பாக்கலாம். அதென்ன, மெஷின்ல முறுக்கு சுட்ட வாசம்?

பழனிச்சாமி: காங்கேயத்துச் செக்கு எண்ணெய். கலப்படம் கெடையாது.

மரகதம்: அதைத் தலைக்குத் தேய்ங்க. தேங்காயெண்ணெய் நாளாவட்டத்துல பிசினாட்டம் புடிச்சுக்கும், மார்கழியில ஒறைஞ்சு சக்கரமே சுத்தாது. ஓட்டை ஓட்டையா ரண்டு சொட்டு சீமெண்ணெய் உட்டு, நூல் இல்லாம அஞ்சு நிமிசம் ஓட்டித் தொடச்சிருங்க. அப்பறம் மெஷின் எண்ணெய். தண்ணியாட்டம் இருக்கும், ஓட்டைக்கு ஒரு சொட்டு போதும். பழைய துணியில பத்து வரி ஓட்டுனாத்தான் நல்ல துணியில கறை ஆகாது.

(சீமெண்ணெய் வேலை முடிகிறது.)

மரகதம்: இப்ப அந்தக் காலைத் தூக்குங்ணா.

(பழனிச்சாமி தன் வலது காலைத் தூக்குகிறார்.)

மரகதம்: உங்க காலை இல்லீங்! துணியை அமுக்கற மெஷின் காலு. துணி இல்லாம ஓட்டறப்ப அது மேல நிக்கோணும், இல்லாட்டி கீழ இருக்கற பல்லு அதைத் தேய்ச்சுக்கிட்டே கெடக்கும். ம், மிதிங்க.

பழனிச்சாமி: போலாம் ரைட்!

மரகதம்: ஹோல்டேய்! ரிவர்ஸ்ல போறீங்க. சக்கரத்தோட மேல்பக்கம் உங்களைப் பாத்து வரோணும். பின்னால சுத்துனா நூலு, அடீல பாபின் கேசைச் சுத்தற கொக்கி, அந்தச் சட்டில்ல போயி சிக்கிக்கும். கையால முன்னால ஒரு சுத்து சுத்தி உட்டுட்டு, அந்த வெசையிலயே மிதிங்க. குதிகாலு ஒருக்கா, நுனிக்காலு ஒருக்கா.

(இரண்டு முறை பின்னால், பத்து முறை முன்னால். பெல்ட் வழுக்குகிறது. மரகதம் அரை அங்குலம் வெட்டிக் கம்பிக் கிளிப்பை மறுபடி மாட்டுகிறார்.)

மரகதம்: ஊசியைக் கழட்டுங்க. இது எந்தக் காலத்து ஊசி, துருப் புடிச்சு? நம்பர் 11. மெல்லிசு துணிக்குத்தான் ஆகும். போர்வைத் தடிமனுக்கு 16 போடோணும். அதுல பக்கத்துலயே 100னு இருக்கும், ஊசி தடிமன் 1 மில்லிமீட்டர்னு அர்த்தம். ஜாக்கெட் துணிக்கு 14. திருப்பூர் பனியன் துணின்னா மொனை உருண்ட ஊசி வேணும், சாதா ஊசி இழையை அறுத்து ஓட்டை போட்டுரும்.

பழனிச்சாமி: எனக்கு ஒரு சந்தேகம். கை ஊசிக்குக் காது தலையில இருக்குது. இதுக்கு ஏன் மொனையில?

மரகதம்: கை ஊசி முழுசா அக்கட்ட போயிட்டுத் திரும்பி வரும். இது பாதி எறங்கிட்டு ஏறிருது. அப்ப நூலு மொனையோட போனாத்தானுங்க அடீல எட்டும். இப்படிக் காது வெச்சு ரண்டு நூல் தையல் போடற மெஷினுக்கு 1846ல அமெரிக்காக்காரர் எலியாஸ் ஹோவ் பேட்டண்ட் வாங்குனாருங். இப்ப ஊசியைத் தடவிப் பாருங்க. மேல்தண்டு ஒரு பக்கம் தட்டையா இருக்குதா? எதிர்ப்பக்கம் நீளமா ஒரு பள்ளம் ஓடுதா?

பழனிச்சாமி: ஆமா, வாய்க்காலாட்டம்.

மரகதம்: அந்த வாய்க்கால்லதான் நூலு எறங்கும். ஊசி மேல ஏற ஆரம்பிச்ச ஒடனே தட்டைப் பக்கம் நூலு கொஞ்சம் தொளதொளன்னு கண்ணியா நிக்கும். சட்டில் மூக்கு அந்தக் கண்ணியைக் கொத்திக்கிட்டு பாபின் கேசைச் சுத்தி வரும். ஊசி திரும்பியிருந்தா மூக்குக்குக் கண்ணியே சிக்காது, தையல் உட்டு உட்டு விழும். நம்ம கருப்பு மெஷினுக்குத் தட்டை வலப்பக்கம். முட்டற வரைக்கும் மேல ஏத்தித்தான் ஸ்க்ரூவை முறுக்கோணும்.

பழனிச்சாமி: சரி, நூலுக்கு ரூட்டைச் சொல்லு. ரூட்டுன்னா எனக்கு அத்துப்படி.

மரகதம்: அப்ப ஈரோட்டுல இருந்து கோயமுத்தூருக்கு டிக்கெட் போடுங்க. கண்டு மாட்டற கம்பி ஈரோடு. மேல இருக்கற கொக்கி பெருந்துறை. அப்பறம் நூலை இறுக்கிப் புடிக்கற டென்ஷன் தட்டு...

பழனிச்சாமி: விஜயமங்கலம் டோல்கேட்டு!

மரகதம்: பாத்தீங்களா, புடிச்சுக்கிட்டீங்க. மெஷின் காலு மேல இருந்தா கேட்டு தொறந்திருக்கும், நூலு ரண்டு தட்டுக்கும் நடுவுல போயி உக்காரும். காலு கீழ இருந்தா தட்டு மூடிக்கும், நூலு வெளிவிளிம்புலயே ஓடிரும்.

பழனிச்சாமி: காசு கட்டாம போற வண்டி.

மரகதம்: அந்தத் திருட்டு வண்டிதான் அடீல போயிக் கூடு கட்டுதுங். கோத்தப்பறம் காலை எறக்கி நூலை இழுத்துப் பாருங்க, வலுவா வரோணும். ஏத்தி இழுத்தா சரசரன்னு வரோணும். ரண்டும் ஒரே மாதிரி வந்தா தட்டுக்குள்ள நூலு இல்லை. அடுத்தது இந்தச் சின்னக் கம்பிச் சுருள், செங்கப்பள்ளி. அங்கிருந்து மேல, ஏறி எறங்கற லீவரு.

பழனிச்சாமி: அது அவினாசி. ஆனா நான் நேரா ஊசிக்கே கொண்டு போனேனே?

மரகதம்: அங்கதான் மாட்டுனீங்க! ஊருக்குள்ள போகாம பைபாஸ்ல போயிட்டீங்க.

பழனிச்சாமி: (நெஞ்சில் கை வைத்து) அம்மிணி, முப்பத்திரண்டு வருச சர்வீசுல அவினாசி ஆளை ஒருக்கா கூட பைபாஸ்ல எறக்கி உட்டதில்ல!

மரகதம்: இன்னைக்கு உட்டுட்டீங்க. சட்டில் இழுத்த நூலை மறுக்கா மேல இழுக்கறது இந்த லீவரு ஒண்ணுதானுங். அதுல மாட்டலைன்னா போன நூலு போனதுதான். பாபின் கேசு பாவம், அதைப் போயித் திருகியிருக்கறீங்க. சக்கரத்தைச் சுத்தி லீவரை உச்சிக்குக் கொண்டாந்து, ஓட்டைக்குள்ள நூலை உடுங்க. அப்பறம் கீழ எறக்கி, ஊசி ஸ்க்ரூவுக்குப் பக்கத்துக் கொக்கி கருமத்தம்பட்டி, ஊசிக் காது காந்திபுரம். இடமிருந்து வலம்.

(அடுத்தது பாபின். மரகதம் கை சக்கரத்தின் நடு ஸ்க்ரூவைத் தளர்த்துகிறார். ஊசி நின்றுவிட, பாபின் மட்டும் சுற்றுகிறது.)

மரகதம்: ரொம்ப ரொப்பாதீங்க, விளிம்பு தெரியோணும். கேசுல போட்டு, நூலைப் பிளவுல இழுத்துத் தகட்டுக்கு அடீல கொண்டாந்து, நூலைப் புடிச்சுத் தொங்க உடுங்க.

(கேஸ் மளமளவென்று தரைக்கு இறங்குகிறது.)

மரகதம்: உங்க ரண்டு சுத்தோட புண்ணியம். வலப்பக்கமா கொஞ்சம், இன்னுங் கொஞ்சம்... இப்ப தொங்குதா? வெடுக்குன்னு ஒரு ஆட்டு. ஒரு இஞ்ச் எறங்கி நின்னுச்சா, அதுதான் கணக்கு. கேசோட கொம்பு மேல பாத்து இருக்கோணும், டக்குன்னு சத்தம் வர்ற வரைக்கும் தள்ளுங்க. மேல் நூலை லேசாப் புடிச்சுக்கிட்டு சக்கரத்தை ஒரு சுத்து. கீழ் நூலு கண்ணியா மேல வருதா? ரண்டு நூலையும் காலுக்குப் பின்னால தள்ளுங்க. துணியை வெச்சுக் காலை எறக்குங்க.

பழனிச்சாமி: போலாம் ரைட்!

(கடகடவென்று அரை முழம் ஓடுகிறது. துணியில் வரிசையாக ஓட்டைகள். தையல் மட்டும் இல்லை.)

மரகதம்: ஹோல்டேய்! ஊசியில நூலே இல்லை. வால் எத்தனை உட்டீங்க?

பழனிச்சாமி: நீட்டமா தொங்குச்சுன்னு அரை இஞ்ச் வெச்சு நறுக்கீட்டேன்.

மரகதம்: லீவரு மொத எழுப்புலயே அதை உருவியிருக்குமுங். நாலு இஞ்ச் வேணும்.

பழனிச்சாமி: மறுக்காவும் ஈரோட்டுல இருந்தா?

மரகதம்: வேண்டாங், கருமத்தம்பட்டியிலயே நிக்குது. காந்திபுரம் மட்டும் போனாப் போதும்.

பழனிச்சாமி: அந்தக் காந்திபுரத்து வாசலுதான் கண்ணுக்குத் தெரிய மாட்டீங்குது.

மரகதம்: நூல் நுனியைச் சாய்வா நறுக்குங்க. ஊசிக்கு வலப்பக்கமா வெள்ளைத் தாள் ஏதாச்சும் வெச்சாக் காது பளிச்சுன்னு தெரியும்.

(பழனிச்சாமி சட்டைப் பையிலிருந்து பழைய டிக்கெட் ஒன்றை எடுத்து, வெள்ளையான பின்பக்கத்தைத் திருப்பி ஊசிக்கு வலப்பக்கம் பிடிக்கிறார். மூன்றாவது முயற்சியில் நூல் நுழைந்து டிக்கெட்டில் முட்டுகிறது.)

பழனிச்சாமி: ஏறீருச்சு அம்மிணி! டிக்கெட்டைக் கிழிச்சரலாமா?

மரகதம்: மொதல்ல நாலு இஞ்ச் இழுங்ணா.