கேரவன் எத்தனை அடின்னு கேட்டு ஆனிங் விற்காதீங்க

பிரிட்டனில் கேரவனுக்கு (காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் வீட்டு வண்டி) ஆனிங், அதாவது அதன் பக்கவாட்டில் மாட்டும் துணிக் கூடாரம், வாங்கப் போனால் முதல் கேள்வியே, "வண்டி எத்தனை அடி?" கேட்கும்போதே பற்றிக்கொண்டு வருகிறது. வண்டி நீளத்தை வைத்து என்ன செய்ய? வண்டியின் பக்கம் முழுவதையும் மூடும் முழு ஆனிங்குக்குத் தேவை 'ஏ' அளவு: ஒரு முனையில் தரையிலிருந்து ஏறி, துணியின் ஓரத்தைக் கோக்கும் ரெயில் (வண்டியின் பக்கவாட்டில் உள்ள பள்ளப் பட்டை) வழியே கூரை வளைவைச் சுற்றி, மறுமுனையில் தரை வரை. வண்டியைச் சமதரையில் மட்டம் பார்த்து நிறுத்தி, இழுத்தால் நீளாத கயிற்றை ரெயிலோடு ஒட்டிப் பிடித்து, பிறகு அந்தக் கயிற்றை டேப்பால் அளக்க வேண்டும். சைஸ்கள் பெரும்பாலும் 25 செ.மீ. படியாக வரும்; உதாரணத்துக்கு, 'ஏ' அளவு 975–1000 செ.மீ. உள்ள வண்டிகளுக்கு ஒரு சைஸ். பெரிதாகிவிட்டால் துணி தொய்ந்து மழைத்தண்ணீர் கூரையில் தேங்கும், கம்பி வளையும். சிறிதானால் ஓரம் தரையைத் தொடாது, அடியில் காற்று புகும். துணி நுழையும் ரெயில் வாயைத் துடைத்து சிலிக்கான் ஸ்ப்ரே அடிக்கச் சொல்லவும் ஆளில்லை. அங்கேதான் துணி மாட்டிக் கிழிகிறது.