அபெர்ச்சரைத் திறந்தால் கம்பி மறையாது

"பினாங்கு மலையில் படம் எடுக்கும்போது முன்னால் கம்பித் தடுப்பு குறுக்கே வந்தால் அபெர்ச்சரை (லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் திறப்பை) எஃப்/2.8-க்குத் திறந்துவிடுங்கள், எந்த லென்ஸாக இருந்தாலும் கம்பி மறைந்துவிடும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அகல லென்ஸில் (பரந்த காட்சியை ஒரே படத்தில் பிடிக்கும் லென்ஸ்) இது நடக்காதுங்க.

16 மி.மீ அகல லென்ஸில் எஃப்/2.8 என்றால் திறப்பின் விட்டம் (16-ஐ 2.8-ஆல் வகுத்தால்) 6 மி.மீ-க்கும் குறைவு, விரல் பருமனான கம்பி அதைவிடத் தடிமன், அதனால் ஒரு மீட்டர் தள்ளி நிற்கும் கம்பி, கீழே தெரியும் ஜார்ஜ் டவுன் நகரத்தின் மேல் ஃபோகஸ் வைத்தாலும், ஓரம் மட்டும் லேசாகக் கலங்கிய கோடாக அப்படியே நிற்கும், பார்க்க இன்னும் அசிங்கமாக இருக்கும். தூரத்தை நெருக்கிக் காட்டும் 200 மி.மீ லென்ஸில் எஃப்/4 வைத்தால் திறப்பு 50 மி.மீ, கம்பியின் இரண்டு பக்கமும் வெளிச்சம் உள்ளே வந்துவிடும், அங்கே அந்த யோசனை பலிக்கும்.

கையில் அகல லென்ஸ்தான் இருக்கிறதா, சரி, லென்ஸைக் கம்பி இடைவெளிக்கே கொண்டுபோங்கள் (கேமரா பட்டை கழுத்தில் இருக்கட்டும், தயவுசெய்து), இல்லையென்றால் டிரைபாடை உயர்த்துங்கள். குறுக்கே வருவது பக்கத்து மரக்கிளை என்றால் ஓரடி நகர்ந்தாலே பெரும்பாலும் போதும். கிளை விலகிவிடும், தூரத்தில் இருக்கும் பினாங்குப் பாலம் அசையாது.