எங்க ஊட்ட எதுக்குங்க போட்டோ புடிக்கறீங்க?

போன புரட்டாசியில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அம்மா போன் செய்தார். "கண்ணு, ரெண்டு பசங்க வந்து ஊட்டையெல்லாம் போட்டோ புடிச்சுட்டுப் போறாங்க. ஈபி ஆபீசுக்காரங்களாட்ட இருக்குது. நீ ஏதாச்சும் எழுதிக் குடுத்திருந்தியா?"

நான் ஒன்றும் எழுதிக் கொடுக்கவில்லை. ஈபிக்காரர் செல்ஃபி ஸ்டிக்கோடு வரமாட்டார் என்பதும் அந்த நேரத்தில் உறைக்கவில்லை. ஆபீசில் தலைக்கு மேல் வேலை. "செரிம்மா, நான் பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து சித்தப்பா மகன் வாட்ஸப்பில் ஒரு லிங்க் அனுப்பினான். "அண்ணா, பெரீம்மா ஃபேமஸ் ஆயிட்டாங்க."

எங்கள் வீடு காங்கயத்துப் பக்கம் தோட்டத்து சாளை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், எங்கள் பக்கம் விவசாயக் குடும்பங்கள் பாதிக்கு மேல் ஊருக்குள் இருக்காது. அவரவர் காட்டுக்கு, அதாவது விவசாய நிலத்துக்கு, நடுவில் அவரவர் சாளை. பக்கத்து வீடு என்றால் ரெண்டு கொரங்காடு, மாடு மேய்கிற நிலம், தாண்டி. தார் ரோட்டில் இருந்து இட்டேரி என்கிற வண்டிப்பாதை வழியாக முக்கால் கிலோமீட்டர் உள்ளே வரவேண்டும், ரெண்டு பக்கமும் கிளுவை வேலி. கேட் கிடையாது. கட்டுத்தரைப் பக்கம் ஒரு மூங்கில் படல், அவ்வளவுதான்.

லிங்க்கில் இருந்தது அந்த ரெண்டு பசங்க எடுத்த யூடியூப் வீடியோ, 6 நிமிடம் 12 விநாடி. முதல்முறை பார்த்தபோது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பெருமையாகத்தான் இருந்தது. பின்னணியில் புல்லாங்குழல். வேப்பமரத்து நிழலில் எங்கள் மாடு அசைபோடுகிறது. அம்மா சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுக்கிறார், வாங்கிக் குடித்த பையன் கேமராவைப் பார்த்து "இதுதான் மக்களே கிராமம்" என்கிறான்.

ரெண்டாவது முறை திருடன் கண்ணால் பார்த்தேன். வயிற்றைக் கலக்கிவிட்டது. மோட்டார் ரூம் சாவி எந்த ஆணியில் தொங்குகிறது என்று தெரிகிறது. பின்கதவு தகரக் கதவு, உள்தாழ்ப்பாள் ஒன்றே ஒன்று. நாய் ஒரே நாய், அதுவும் கட்டிக் கிடக்கிறது, புது ஆளைப் பார்த்து வாலாட்டுகிறது. வாசலில் ஆம்பளைச் செருப்பு இல்லை, வண்டி இல்லை. அம்மா கழுத்துச் செயின் க்ளோசப்பில் வருகிறது. நாலாவது நிமிடத்தில் பையன் ரொம்பப் பாசமாகக் கேட்கிறான்: "ஆத்தா, தனியாத்தான் இருக்கீங்களா?" அம்மாவும் மறைக்காமல் சொல்கிறார்: "ஆமா கண்ணு, அவுங்க போயி ஆறு வருசமாச்சு. பையன் கோயமுத்தூர்ல. சனிக்கெழமதான் வருவான்."

கீழே ஒருத்தர் "செம ப்ரோ, லொகேஷன் ப்ளீஸ்" என்று கேட்டிருந்தார். இவர்கள் மேப் லிங்க்கைப் போட்டு, அதை எல்லாருக்கும் மேலே தெரிகிற மாதிரி பின் செய்தும் வைத்திருந்தார்கள்.

இதைப் போய் இவ்வளவு பெரிதாக்குகிறானே என்று நினைக்கிறவர்கள் திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். 2024 நவம்பர் கடைசியில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் இருந்த வயதான தம்பதியும், ஊருக்கு வந்திருந்த மகனுமாக மூன்று பேரைக் கொன்றார்கள். 2025 மே மாதம் பிறக்கும்போது ஈரோடு மாவட்டம் சிவகிரி பக்கம் விளக்கேத்தியில், அதேபோல் தோட்டத்தில் தனியாக இருந்த ஒரு தம்பதி. ரெண்டு ஊரும் எங்களுக்கு பைக்கில் போய்வருகிற தூரம். அதற்குப் பிறகு எங்கள் பக்கம் ராத்திரி எட்டு மணிக்கு மேல் எந்த சாளையிலும் வாசல் விளக்கை அணைப்பதில்லை. வெளியூரில் இருக்கிற பிள்ளைகள் படுக்கப் போகும் முன் ஒருதரம் கூப்பிட்டு "நாய் குலைக்குதாம்மா?" என்று கேட்கிறோம். முன்னெல்லாம் மழை பெய்ததா என்று கேட்போம்.

அந்தக் கொலைகளுக்கு வீடியோதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அப்படி எங்கும் வரவில்லை. ஆனால் ஒரு வீட்டை நோட்டம் விட நாலு நாள் அந்தப் பக்கம் சுற்றி, பால்காரரிடம் பேச்சுக் கொடுத்து, ஆடு வாங்குகிற மாதிரி ஒருதரம் உள்ளே வந்து போய் என்று ஒருத்தன் மெனக்கெட வேண்டிய வேலை எல்லாம் அந்த 6 நிமிடத்தில் முடிந்துவிடுகிறதா இல்லையா? வீட்டில் உட்கார்ந்தபடி, நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம்.

அந்தப் பையனின் நம்பர் வீடியோவுக்குக் கீழேயே இருந்தது, விளம்பரத்துக்குத் தொடர்பு கொள்ள என்று. கூப்பிட்டேன். கெட்ட பையன் இல்லை. "அண்ணா, நாங்க நல்லபடியாத்தான காட்டியிருக்கோம்? ஒரு தப்பான கமெண்ட்கூட இல்லைங்களே" என்றான். அசிங்கப்படுத்தினால்தான் தப்பு என்று நினைக்கிறான். எங்க அம்மாவிடம் கேட்டீர்களா தம்பி என்றேன். "அம்மாதானுங்கண்ணா மோரே குடுத்தாங்க" என்றான்.

இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பையன் மேல் வந்ததா, காலத்தின் மேல் வந்ததா தெரியவில்லை. வாசலுக்கு வந்தவனுக்கு மோரோ தண்ணியோ கொடுக்காமல் அனுப்பினால் எங்கள் பக்கம் அது வீட்டுக்கே இழுக்கு. அந்த மோர் வந்த ஆளுக்கு. அவன் பாக்கெட்டில் இருக்கிற ஒன்றரை லட்சம் சப்ஸ்கிரைபருக்கு அம்மா மோர் ஊற்றவில்லை. திறந்த வாசல், கேட் இல்லாத இட்டேரி, கேட்டதற்கு ஒளிக்காமல் பதில் சொல்கிற வாய், இதெல்லாம் முகம் பார்த்துப் பழகுகிற மனுசருக்காக உண்டான பழக்கம். அதை அனுமதிக் கையெழுத்தாக எடுத்துக்கொண்டால் எப்படி?

அரை மணி நேரத்தில் வீடியோவை எடுத்துவிட்டான், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதில் இருந்து வேறு யாரோ வெட்டிப் போட்ட 30 விநாடி ரீல் இன்னும் சுற்றுகிறது. மோர் கொடுக்கிற இடம்தான். அதை யாரிடம் போய்க் கேட்பது?

சட்டத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு, தனியுரிமை அடிப்படை உரிமைதான் என்று ஒருமனதாகச் சொன்னது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ரோட்டில் நின்று ஒரு வீட்டைப் படம் எடுப்பதை மட்டும் வைத்துக் குற்றம் என்று சொல்ல நம் நாட்டில் சட்டம் இல்லை. அத்துமீறி நுழைந்ததாகப் புகார் கொடுக்கலாம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 329ஆம் பிரிவு, குற்றம் செய்யவோ மிரட்டவோ அவமதிக்கவோ தொந்தரவு செய்யவோ எண்ணம் இருந்ததா என்று கேட்கும். மோர் குடித்துவிட்டு "வரோங்க ஆத்தா" என்று கும்பிட்டுப் போனவன் மேல் அதைப் போட முடியுமா? யூடியூபில் பிரைவசி புகார் கொடுக்க வழி இருக்கிறது. ஆனால் பொதுவாக வீடியோவில் இருக்கிறவரே கொடுக்க வேண்டும், அதுவும் முகம், குரல் மாதிரி ஏதாவது ஒன்றை வைத்து ஆளை அடையாளம் தெரிய வேண்டும். வீட்டுக்கும் கிணற்றுக்கும் முகம் ஏது?

பறக்கிற கேமரா இன்னொரு கதை. 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்குள் இருக்கிற ட்ரோனை ஓட்ட லைசென்ஸ் தேவையில்லை. பச்சை மண்டலம் என்று வரைபடத்தில் குறித்த இடங்களில் 400 அடி உயரம் வரை தனி அனுமதி வாங்காமல் பறக்கவிடலாம். எங்கள் காடெல்லாம் பச்சைதான். இதை எழுதினவர்கள் கூரை இல்லாத குளியலறையைப் பார்த்திருப்பார்களா என்று சந்தேகம். எங்கள் பக்கம் பழைய சாளைகளில் குளிக்கிற இடம் நாலு பக்கம் சுவர், மேலே வானம். இல்லையென்றால் தொட்டியடியில் ஓலைத் தடுப்பு. போன தை மாதம் பக்கத்துத் தோப்பில் ஏதோ கல்யாண ஷூட்டிங், காலையில் ஏழு மணிக்கு ஙொய்ங் என்று மேலே வந்து நின்றிருக்கிறது. எங்கள் அத்தை ஈரச்சேலையோடு மாட்டுக் கொட்டகைக்குள் ஓடினார். பெண்கள் குளிப்பதைப் படம் எடுத்தால் அதே பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவில் முதல் தடவைக்கே ஒரு வருடத்தில் இருந்து மூன்று வருடம் வரை ஜெயில், அது இருக்கிறது. ஆனால் எடுத்ததா எடுக்கவில்லையா என்று கீழே இருக்கிறவருக்கு எப்படித் தெரியும்? எடுத்திருக்க மாட்டார்கள் என்றுதான் நானும் நினைக்கிறேன். அத்தை இப்போது குளிக்கும்போது மேலே பார்த்துக்கொண்டே குளிக்கிறார்.

நில புரோக்கர்களை விட்டுவிட்டால் நியாயம் இல்லை. என் சிநேகிதன் தோட்டம் ஒருநாள் ஒரு வாட்ஸப் குரூப்பில் விற்பனைக்கு வந்தது: "4 ஏக்கர், தார்ரோட்டு மேல், கிணறு, ஃப்ரீ சர்வீஸ் கரண்ட், 120 தென்னை." போட்டோ எல்லாம் அவன் தோட்டமேதான். அவன் விற்கவே இல்லை. எவனோ ரோட்டில் நின்று எடுத்து, பார்ட்டி சிக்கினால் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று போட்டிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை கார் கட்டிக்கொண்டு ஆட்கள் வந்துவிட்டார்கள். அதைவிட மோசம், "கடன் கழுத்துக்கு வந்திருச்சாமா, காட்ட விக்கறாங்களாமா" என்று ஊருக்குள் பேச்சு. அவன் தங்கச்சிக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

2009 ஏப்ரலில் இங்கிலாந்தில் பிராட்டன் என்று ஒரு கிராமத்தில், தெருத்தெருவாகப் படம் எடுத்து மேப்பில் போடுகிற ஸ்ட்ரீட் வியூவுக்காக வந்த கூகுள் காரை ஊர்க்காரர்கள் மறித்து நின்று திருப்பி அனுப்பினார்கள். அப்போதுதான் அங்கே சில வீடுகளில் திருட்டுப் போயிருந்தது. இந்தியாவுக்கு ஸ்ட்ரீட் வியூ 2022 ஜூலையில் 10 நகரங்களில் வந்தது. எங்கள் இட்டேரிக்குள் அந்தக் கார் வராது, கிளுவை முள் பெயின்ட்டை உரித்துவிடும். அது வரவேண்டிய அவசியமும் இல்லை. ஒரு பைக்கும் ரெண்டு பசங்களும் போதும்.

நம்மாட்களும் மறித்து நிற்கலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் பயமாக இருக்கிறது. 2018 மே மாதம் போளூர் அருகே அத்திமூரில் என்ன நடந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? குலதெய்வம் கோயிலுக்குப் போகச் சென்னையில் இருந்து வந்த குடும்பம். வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த 65 வயது அம்மாவைப் பிள்ளை பிடிக்கிறவர் என்று சொல்லி ஊரே அடித்துக் கொன்றது. வாட்ஸப்பில் வந்த வதந்தியை நம்பி. வெளியாளைக் கண்டால் சந்தேகப்படு என்று சொல்லிக் கொடுத்தால் அது அங்கே போய்த்தான் நிற்கும். முதலில் அடி வாங்குவது பஞ்சு மிட்டாய் விற்கிற வடக்கத்திப் பையனும், ஊசி பாசி விற்கிறவர்களும்தான். ஆனால் சிவகிரி வழக்கில் போலீஸ் பிடித்தவர்கள் வெளியாட்கள் இல்லை, அதே ஈரோடு மாவட்டத்துக்காரர்கள்.

போட்டோ எடுக்க வருகிற எல்லாரும் தேவையில்லாதவர்களும் இல்லை. 2024 நவம்பரில் டிஜிட்டல் பயிர் சர்வேக்கு வேளாண் கல்லூரிப் பிள்ளைகளைக் காடு காடாக அனுப்பினார்கள். எங்கள் காட்டுக்கு ரெண்டு பெண் பிள்ளைகள் வந்தார்கள். வரும்போதே இட்டேரி முனையில் நின்று "அம்மா, உள்ள வரலாங்களா?" என்று குரல் கொடுத்திருக்கிறார்கள். எந்தக் காலேஜ், எதற்குப் படம், எங்கே போகும் என்று சொன்னார்கள். அம்மா அவர்களுக்கும் மோர் கொடுத்தார். இருபது வயதுப் பிள்ளைகளுக்குத் தெரிந்தது. நான் கேட்பதும் இவ்வளவுதான். குரல் கொடுங்கள். எதற்கு என்று சொல்லுங்கள். வேண்டாம் என்றால் போனை உள்ளே வையுங்கள். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதையும் இடம் எங்கே என்பதையும் போடாதீர்கள். "அழிந்துவரும் கிராமத்து வாழ்க்கை" என்று தலைப்பு வைக்கிறீர்களே, அந்த வாழ்க்கையில் முதல் பழக்கமே வாசலில் நின்று குரல் கொடுப்பதுதானே?

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது என் பழைய பதிவுகளைப் போய்ப் பார்த்தேன். 2022 பொங்கலுக்கு நானே போட்டிருக்கிறேன். வாசலில் அம்மா, பின்னால் வீடு முழுசாக. "அம்மாவைத் தனியே விட்டு மறுபடி கோவைக்கு" என்று உருக்கமாக ரெண்டு வரி வேறு. 214 லைக். அந்தப் பையன் 6 நிமிடம் எடுத்துக்கொண்டான், நான் ஒரே வரியில் முடித்திருக்கிறேன். இப்போது அழித்துவிட்டேன்.

அந்த வீடியோவுக்குப் பிறகு நானும் கேமரா வைத்தேன். சோலார் பேனல், உள்ளேயே சிம் கார்டு, ஆள் நடமாட்டம் தெரிந்தால் என் போனுக்கு வரும். ஒன்று வாசலைப் பார்த்து, இன்னொன்று இட்டேரியைப் பார்த்து. போன சனிக்கிழமை போயிருந்தேன். பால் கறக்க வருகிற அக்கா, காலனியில் இருந்து இருபது வருடமாக அந்த இட்டேரியில்தான் நடந்து வருகிறார். வேப்பமரம் தாண்டியதும் முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு வந்தார். தூசியா அக்கா என்று கேட்டேன்.

"இல்லீங்க சின்னவரே, அது என்னையவே பாக்குதுங்களே. எதுக்குங்க என்னையப் புடிக்குது?"

நான் அவரிடம் கேட்டிருக்கவில்லை. இட்டேரிக் கேமராவைக் கொஞ்சம் படல் பக்கமாகத் திருப்பி வைத்தேன். இப்போது பாதி இட்டேரி தெரிவதில்லை, அதனால் ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வருவதில்லை. அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. நேற்றும் யாரோ தேங்காய் விலை கேட்க வந்தார்களாம், மோர் கொடுத்து அனுப்பினாராம். "போட்டோ புடிச்சாங்களாம்மா?" என்றேன்.

"இல்ல கண்ணு. புடிக்கறதுன்னா கேட்டுட்டுப் புடிங்கன்னு நானே மொதல்லயே சொல்லிப்புட்டேன். அந்தப் பையன் பயந்துட்டான், பாவம்."