கலெக்‌ஷன் இல்லாத ட்ரிப்

"அரசு பஸ் நஷ்டத்தில் ஓடுகிறது, மொத்தத்தையும் தனியாருக்குக் கொடுத்துவிடலாம்" என்று யாராவது எழுதினால் லைக் குவிகிறது. கடலூர்க்காரர்களும் போய் லைக் போடுவதுதான் எனக்கு ஆச்சரியம்.

1972-ல் பெரிய முதலாளிகளின் பஸ்களை அரசு எடுத்துக்கொண்டபோது பல்லவன், சேரன், சோழன், பாண்டியன் என்று அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் வந்தன. கடலூரும் சேர்ந்த நம் பழைய தென்னாற்காடு மாவட்டத்துக்கு 1975-ல் விழுப்புரத்தில் தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம். 1997-ல் தென்மாவட்டச் சாதிக் கலவரங்களை ஒட்டித் தலைவர்கள் பெயரையெல்லாம் எடுத்தார்கள், அந்தப் பெயரும் போனது. அன்றைக்குச் சின்ன முதலாளிகளை விட்டுவைத்ததால்தான் பண்ருட்டி ரூட்டிலும் பாண்டி ரூட்டிலும் இன்றும் தனியார் பஸ் பறக்கிறது. பறக்கட்டும், நானும் அதில்தான் ஏறுகிறேன். மெயின் ரோட்டில் ஆள் இருக்கிறது, வண்டி வருகிறது.

நான் கேட்பது நைட் ஹால்ட் வண்டியைப் பற்றி. ராத்திரி கடைசி ட்ரிப்பாகக் கிராமத்துக்குப் போய், டிரைவரும் கண்டக்டரும் அங்கேயே படுத்து, விடியற்காலையில் முதல் ட்ரிப் எடுக்கும் வண்டி. போகும்போது நாலு பேர் இருப்பார்கள். காலையில் அதில்தான் காய்கறி மூட்டையும் கீரைக்கட்டும் கடலூர் மஞ்சக்குப்பத்துக்கு வரும், துறைமுகத்துக்கு மீன் எடுக்கப் போகிற அம்மாக்கள் ஏறுவார்கள். ராத்திரி ட்ரிப்பின் கலெக்‌ஷனை மட்டும் பார்த்து அதை நிறுத்தினால் காலை ட்ரிப் எங்கிருந்து கிளம்பும்? ஆள் பற்றாக்குறை என்றதும் முதலில் கட் ஆவது இதுதான். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, அந்தக் காசைக் கழகத்துக்கு அரசே கொடுக்கிறது. அப்புறம் கண்டக்டர் பையில் எவ்வளவு என்று எண்ணி என்ன ஆகப் போகிறது?

அரசு பஸ் தாமதமாக வந்த ஊர் எப்படி இருக்கும் என்று பாண்டியைப் பாருங்கள். அங்கே 1986-ல்தான் அரசு கம்பெனி, அதுவும் சுற்றுலாவோடு சேர்த்து. போக்குவரத்துக்கென்று தனிக் கழகம் 2005-ல். அந்த ஊர் நிலமோ துண்டு துண்டாகத் தமிழ்நாட்டுக்குள் கிடக்கிறது. பாகூர், நெட்டப்பாக்கம் பக்கம் தெரிந்தவர்கள் இருந்தால், ராத்திரி எட்டு மணிக்கு மேல் எப்படி வீடு போவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பைக் வைத்திருக்கிற மகனுக்கு போன் போடுவோம் என்பார்கள்.

தனியாருக்குக் கொடுப்பதென்றால் சரி, கொடுங்கள். பர்மிட்டிலேயே எழுதிவிடுங்கள்: மெயின் ரோட்டு டைமிங் வேண்டுமா, ஒரு கிராமத்தில் நைட் ஹால்ட் போடு, ஒரு நாள் விட்டாலும் அபராதம் கட்டு. இதற்கு எத்தனை முதலாளி கை தூக்குகிறார்கள் என்று பார்த்துவிட்டு மீதியைப் பேசலாம். அதுவரை உங்கள் ஊரில் நின்றுபோன ஹால்ட் வண்டி இருந்தால் அடுத்த கிராம சபையில் தீர்மானமாகப் போடச் சொல்லுங்கள்.