ஈமானை ஃபார்ம்ல எழுதி வாங்குனா பொய்தான் வரும்

ரமலான் முதல் நாள் பாகிஸ்தான்ல பேங்குக்குப் போனா உள்ள விட மாட்டாங்க. ஸ்டாஃப் எல்லாரும் உள்ள இருப்பாங்க, வேலையும் நடக்கும், கஸ்டமருக்கு மட்டும் லீவு, ஏன்னா அன்னைக்குத்தான் சேவிங்ஸ் அக்கவுண்ட்ல இருந்து ஜகாத், அதாவது ஏழைகளுக்குன்னு இருக்கிற கட்டாய தர்மம், பிடிப்பாங்க. வெள்ளி விலையை வச்சு நிசாப், அதாவது ஜகாத் கடமையாகற குறைந்தபட்சத் தொகை, எவ்வளவுன்னு வருஷா வருஷம் அறிவிப்பு வரும், அதுக்கு மேல பணம் கிடந்தா ரெண்டரை சதவீதம் போயிடும். அதனால ரமலானுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே பணத்தை எடுத்து வீட்ல வச்சுக்கிட்டு, நோன்பு ஆரம்பிச்ச பிறகு கொண்டுபோய் மறுபடி கட்டுறது அங்க ஊரறிஞ்ச பழக்கம். கரண்ட் அக்கவுண்ட்ல பிடிக்க மாட்டாங்கன்னு அதுக்கு மாத்திடறவங்களும் உண்டு.

இந்தச் சட்டம் 1980ல ராணுவ ஆட்சியாளர் ஜெனரல் ஜியா உல் ஹக் கொண்டு வந்தது. வந்த உடனே ஷியாக்கள் எங்க ஃபிக்ஹுல (மார்க்கச் சட்ட முறையில) ஜகாத்தை அரசாங்கம் இப்படிப் பிடிக்க முடியாதுன்னு இஸ்லாமாபாத்ல பெருங்கூட்டமா திரண்டு செக்ரட்டேரியட்டையே முற்றுகை போட்டாங்க, ஜியா இறங்கி வந்து அவங்களுக்கு விலக்கு குடுத்தார். விலக்கு வேணும்னா பேங்க்ல ஒரு டிக்ளரேஷன் குடுக்கணும், சி.இசட்.50ன்னு அதுக்குப் பேரு. நான் இன்ன ஃபிக்ஹைப் பின்பற்றுறவன், என்கிட்ட ஜகாத் பிடிக்காதீங்கன்னு சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடணும். அப்புறம் என்ன ஆச்சுன்னா, சுன்னிகள்லயே பல பேரு தன்னை ஷியான்னு எழுதிக் குடுத்துட்டு வந்தாங்க. ரெண்டரை சதவீதத்துக்காக அல்லாஹ்வை சாட்சி வச்சு தன் ஈமானை, தன் நம்பிக்கையைப் பத்தியே பொய். கடைசில 1999ல சுப்ரீம் கோர்ட் சுன்னிகளும் அந்த விலக்கைக் கேக்கலாம்னு தீர்ப்பு குடுத்துச்சு.

இதே ஜனங்கதான் சமூக சேவகர் அப்துல் சத்தார் எதிக்கு வருஷா வருஷம் அள்ளிக் குடுத்தவங்க. ஆம்புலன்ஸ், அனாதை இல்லம், கேட்பாரில்லாத பிணங்களை அடக்கம் பண்றதுன்னு அந்த மனுஷன் செஞ்ச எல்லாமே மக்கள் தானா குடுத்த காசுல நடந்தது. சொந்தக்காரங்கள்ல கஷ்டப்படறவங்களுக்குக் கையில குடுக்கறதும் அங்க சாதாரணம். அதனால ஜகாத் குடுக்க மனசில்லாத ஜனங்கன்னு யாரும் சொல்லிட முடியாது. குடுக்க நினைக்கிறவன்கிட்ட அதிகாரத்தை வச்சுப் பிடுங்கினா அவன் ஏமாத்தத்தான் வழி தேடுவான், அதுவும் அந்த அரசாங்கமே நேர்மையானது இல்லன்னு அவனுக்கு நல்லாத் தெரிஞ்சிருந்தா கேக்கவே வேணாம்.

நான் தொழுறவன், நோன்பு வைக்கிறவன், அதனாலதான் இதை எழுதறேன். முஸ்லிம்கள் பெரும்பான்மையா இருக்கிற நாடுகள்ல அரசியலும் மதமும் பொய்யும் இப்படிப் பின்னிக் கிடக்குதேன்னு பேச்சு வந்தா ரெண்டு பதில்தான் எப்பவும் வருது. ஒரு கூட்டம் இஸ்லாம்னாலே அப்படித்தான்னு முடிச்சிடும். இன்னொரு கூட்டம் முழுசா ஷரீஅத் வரல, அதான் இந்த நிலைமைன்னு சொல்லும். முதல் கூட்டத்துக்கு ஒண்ணே ஒண்ணு சொல்றேன். நபித்துவம் வர்றதுக்கு முன்னாடியே மக்காவாசிங்க எங்க ரசூலுல்லாவை அல்அமீன், அதாவது நம்பிக்கைக்குரியவர்னு கூப்பிட்டாங்க, அவங்களை எதிர்த்தவங்ககூட தங்களோட பொருளை அமானிதமா, அதாவது நம்பி ஒப்படைக்கிற பொருளா, அவங்ககிட்டதான் குடுத்து வச்சாங்க. நயவஞ்சகனோட அடையாளம் மூணு, பேசினா பொய் பேசுவான், வாக்கு குடுத்தா மீறுவான், நம்பி ஒப்படைச்சா மோசடி பண்ணுவான்னு சொல்ற ஹதீஸை எத்தனை ஜும்ஆ பயான்ல கேட்டிருப்போம். ரெண்டாவது கூட்டத்துக்குச் சொல்றேன், அந்த மூணையும் மனசுல வச்சுக்கிட்டு, பாகிஸ்தானை இஸ்லாமிய நாடா மாத்தப் போறேன்னு சொன்ன ஜியாவோட ஆட்சியைப் பாருங்க.

1977 ஜூலை 5ஆம் தேதி ஆட்சியைப் பிடிச்சப்போ 90 நாள்ல தேர்தல் வைக்கிறேன்னு நாட்டுக்கு முன்னாடி வாக்கு குடுத்தார். அக்டோபர்ல வரவேண்டிய தேர்தல் வரல, திரும்ப ஒரு தேதி சொன்னாங்க, அதுவும் ரத்து, கடைசில தேர்தல் நடந்தது 1985ல, அதுவும் கட்சிகளே இல்லாம. இதுக்கு நடுவுல, அவர் கவிழ்த்த பிரதமர் பூட்டோவை 1979 ஏப்ரல்ல ராவல்பிண்டில தூக்குல போட்டாச்சு. (பூட்டோவும் ஒண்ணும் சளைச்சவர் இல்ல, தான் குடிக்கிறதை மேடையிலேயே ஒத்துக்கிட்ட மனுஷன், நாற்காலி ஆட ஆரம்பிச்ச உடனே 1977ல மதுவுக்குத் தடை போட்டு வெள்ளிக்கிழமையை வார லீவாக்கினார், மௌலவிங்களைச் சமாதானப்படுத்த.)

1984 டிசம்பர் 19 அன்னைக்கு ஜியா ஒரு ரெஃபரண்டம் நடத்தினார். மக்கள்கிட்ட கேட்ட கேள்வி நீளமா ஒரே வாக்கியம், சாரம் இதுதான்: நாட்டோட சட்டங்களை குர்ஆன் சுன்னாவுக்கு ஏத்த மாதிரி மாத்தறதுக்கு ஜியா எடுத்திருக்கிற முயற்சியை ஆதரிக்கிறீங்களா? ஆமான்னு பெரும்பான்மை சொல்லிட்டா அவரே இன்னும் அஞ்சு வருஷத்துக்கு ஜனாதிபதின்னு அர்த்தம். வாக்குச்சீட்டை கையில வச்சிருக்கிற ஒரு சாதாரண முஸ்லிமை நினைச்சுப் பாருங்க, இந்த ஆளு வேணாம்னு சொல்லணும்னா அவன் குர்ஆனுக்கு இல்லைன்னு குத்தணும். எதிர்க்கட்சிங்க புறக்கணிச்சாங்க, பூத்துல கூட்டமே இல்ல, அரசாங்கக் கணக்குப்படி 97 சதவீதத்துக்கும் மேல ஆமா. அல்லாஹ்வோட வேதத்தை தன் பதவிக்குக் கேடயமா பிடிச்சதைவிட பெரிய அமானித மோசடி எனக்குத் தெரியல.

அதே ஆளுதான் 1985ல அரசியல் சட்டத்தோட 62ஆவது பிரிவுல எம்.பி ஆகணும்னா உண்மையாளனா அமீனா இருக்கணும்னு எழுதி வச்சார். ரசூலுல்லாவுக்கு இருந்த பேரை எம்.பி சீட்டுக்குத் தகுதியா வச்சாங்க, இது எவ்வளவு பெரிய துணிச்சல்னு யாரும் யோசிக்கல. 2013 தேர்தல்ல வேட்புமனுவைப் பரிசீலிச்ச அதிகாரிங்க வேட்பாளரை நிக்க வச்சு கலிமா சொல்லு, துஆ குனூத் ஓதுன்னு பரீட்சை வச்சாங்க, டிவில நாடே பாத்துச்சு, லாகூர் ஹைகோர்ட் தலையிட்டுத்தான் அதை நிறுத்த வேண்டியிருந்தது. ஓதத் தெரிஞ்சவன் திருட மாட்டான்னு எந்த மார்க்க அறிஞராவது, ஆலிமாவது சொல்வாரா? "தொழுகையாளிகளுக்குக் கேடுதான்"னு அல்மாஊன் சூராவுல அல்லாஹ் எச்சரிக்கிறது தொழாதவனை இல்ல, அடுத்தவன் பாக்கணும்னு தொழுறவனை.

நவாஸ் ஷெரீஃப் ஜியா வளர்த்துவிட்ட ஆளு, 1981ல பஞ்சாப்ல நிதி மந்திரி, 1985ல முதலமைச்சர். 2017 ஜூலை 28ஆம் தேதி அவரைப் பிரதமர் பதவில இருந்து இறக்கினது இதே 62ஆவது பிரிவுதான். பனாமா பேப்பர்ஸ்ல லண்டன் ஃபிளாட்டுக்குப் பணம் எங்க இருந்து வந்துச்சுன்னு ஆரம்பிச்ச கேஸ், பதவி போனது என்னவோ மகனோட துபாய் கம்பெனில இருந்து அவர் வாங்காத சம்பளத்தை வேட்புமனுல காட்டலன்னு, அதனால நேர்மையாளர் இல்லைன்னு. நான் நவாஸுக்கு வக்காலத்து வாங்கல, அந்தச் சொத்தெல்லாம் எப்படி வந்துச்சுன்னு ஒழுங்கா விசாரிச்சு தண்டனை குடுத்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பேன். ஆனா அந்த டிசம்பர்லயே இம்ரான் கான் மேல இதே மாதிரி இருந்த கேஸ் தள்ளுபடி ஆச்சு, கோர்ட்டே எங்க தலைவரை சாதிக் (உண்மையாளர்), அமீன்னு சொல்லிடுச்சுன்னு அவர் ஆளுங்க ஊரெல்லாம் கொண்டாடினாங்க. மதீனா மாதிரி ஒரு நாடு அமைப்பேன்னு சொல்லி ஆட்சிக்கு வந்தார், அப்புறம் 2022ல, அரசாங்கத்துக்கு வர்ற பரிசுங்களை வைக்கிற தோஷாகானா விவகாரத்துல பொய்க்கணக்கு குடுத்தார்னு தேர்தல் கமிஷன் அவரையே தகுதி நீக்கம் பண்ணுச்சு. யாரை யார் எப்ப இறக்கணும்னு நினைக்கிறாங்களோ அப்ப அந்த வார்த்தை வெளிய வரும், மத்த நேரம் தூங்கும்.

பாஸ்போர்ட் விஷயம் இன்னும் மோசம். முஸ்லிம்னு பாஸ்போர்ட் வேணும்னா அஹ்மதியாங்கிற பிரிவை ஆரம்பிச்ச மிர்சா குலாம் அஹ்மது ஒரு போலி நபின்னு எழுதியிருக்கிற டிக்ளரேஷன்ல கையெழுத்துப் போட்டே ஆகணும். அஹ்மதியாக்களோட கொள்கையை நான் ஏத்துக்கல, ஆனா ஹஜ்ஜுக்குப் போறதுக்கு பாஸ்போர்ட் கேக்கற கிழவிகிட்ட இன்னொருத்தரைத் திட்டிக் கையெழுத்து வாங்கறது எந்த மார்க்கம்? அஹ்மதியாவான அப்துஸ் ஸலாம் 1979ல ஃபிசிக்ஸ்ல நோபல் வாங்கினவர், அவர் கபுர் கல்லுல "முதல் முஸ்லிம் நோபல் விஞ்ஞானி"ன்னு பொறிச்சிருந்ததுல முஸ்லிம்ங்கிற வார்த்தையை மட்டும் அழிச்சிட்டாங்க.

நபியை அவமதிச்சா மரண தண்டனைன்னு சொல்ற 295-சி சட்டப் பிரிவு பத்தி எழுத ஆரம்பிச்சா கை நடுங்குது. பஞ்சாப் கவர்னர் சல்மான் தாஸீர், இந்தச் சட்டத்துல தண்டனை வாங்கின கிறிஸ்தவப் பெண் ஆசியா பீபிக்காகப் பேசினார்னு 2011 ஜனவரி 4ஆம் தேதி அவரோட பாடிகார்டே சுட்டுக் கொன்னான், கோர்ட்டுக்கு வந்த அவன் மேல வக்கீலுங்க ரோஜாப்பூ தூவினாங்க, தாஸீருக்கு ஜனாஸா தொழ வைக்க ஆலிம் கிடைக்கறதே கஷ்டமா இருந்துச்சு. அந்தச் சட்டத்தைத் திருத்த ஷெர்ரி ரஹ்மான் கொண்டு வந்த மசோதாவை அவர் கட்சியே கைவிட்டுச்சு. 2021 டிசம்பர்ல சியால்கோட் ஃபேக்டரில மேனேஜரா இருந்த இலங்கைக்காரர் பிரியந்த குமாரவை, மதவாசகம் இருந்த ஸ்டிக்கரைக் கிழிச்சார்னு சொல்லி அங்க வேலை பாத்த ஆளுங்களே அடிச்சுக் கொன்னு எரிச்சாங்க, செல்ஃபி எடுத்தாங்க. சக ஊழியர் ஒருத்தர் அவர் மேல விழுந்து மறைச்சுக் காப்பாத்தப் பாத்தார். ஆசியா பீபியை 2018ல சுப்ரீம் கோர்ட் விடுதலை பண்ணினப்போ சாட்சிங்க சொன்னதே ஒண்ணுக்கொண்ணு முரண்னு தீர்ப்புல எழுதினாங்க, ஆனா அதுக்குள்ள அந்தம்மா எட்டு வருஷத்துக்கு மேல ஜெயில்ல இருந்தாச்சு. நபியோட பேரைச் சொல்லி பொய்சாட்சி!

பாகிஸ்தான் மட்டும்னு நினைக்காதீங்க, இந்தோனேசியால குர்ஆன் அச்சடிக்கிற டெண்டர்லயே லஞ்சம் வாங்கி ஒரு எம்.பி 2013ல 15 வருஷம் தண்டனை வாங்கினார், ஹஜ் நிதில கைவச்சதுக்காக மத விவகாரத்துறை மந்திரியே ஜெயிலுக்குப் போனார். ஆனா அங்க ஊழல் ஒழிப்பு கமிஷன் கணக்கைப் பாத்துப் பிடிச்சாங்க, கலிமா சொல்லுன்னு கேக்கல.

அந்த 62ஆவது பிரிவை எடுக்க 2010ல 18ஆவது திருத்தம் வந்தப்போ நல்ல வாய்ப்பு இருந்தது, கொஞ்சம் மாத்திட்டு விட்டுட்டாங்க. இந்தப் பிரிவுல தகுதி இழந்தவங்களுக்கு இருந்த ஆயுள் தடை செல்லாதுன்னு 2024 ஜனவரில சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, தேர்தல் சட்டப்படி அஞ்சு வருஷத் தடைதான், ஆனா அந்த வாசகம் அப்படியே இருக்கு. எடுக்கணும்னு ஒருத்தன் சொன்னா அப்ப உனக்கு நேர்மையானவன் வேணாமான்னு கேப்பாங்க, அந்த பயத்துலயே எல்லாக் கட்சியும் வாயை மூடிக்குது. இதை மதம் வேணாம்னு சொல்றவங்க கேட்டா எடுபடாது, ஆலிம்கள்தான் கேக்கணும், பள்ளிவாசல் மிம்பர் மேடைல நின்னு கேக்கணும், ஜகாத்தை எங்ககிட்ட விடுங்க, பாஸ்போர்ட்ல கையெழுத்து வாங்காதீங்க, எம்.பியோட சொத்துக் கணக்கை ஆடிட்டர்கிட்ட குடுங்க, எங்க ரசூலுல்லாவோட பேரை உங்க பதவிச் சண்டைக்குள்ள இழுக்காதீங்கன்னு.