கார்லைலின் வெற்றியை அந்தப் பள்ளிக்குக் கொடுக்காதீர்கள்

அமெரிக்காவின் கார்லைல் பூர்வகுடிப் பள்ளியின் 1912-ஆம் ஆண்டுக் கால்பந்து அணியைப் பற்றி எழுதுகிற பலரும் ஒன்றைச் சொல்லாமல் விடுவதில்லை: அந்தப் பள்ளி மட்டும் இல்லாவிட்டால், அந்த அணியில் ஆடிய ஜிம் தோர்ப் என்ற விளையாட்டு மாவீரன் உலகத்துக்குக் கிடைத்திருப்பானா? படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அது என்ன பள்ளி? பென்சில்வேனியாவில் பழைய ராணுவக் குடியிருப்பு ஒன்றில் 1879-இல் ரிச்சர்ட் பிராட் என்ற ராணுவ அதிகாரி தொடங்கியது. அமெரிக்கப் பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்து, தலைமுடியை வெட்டி, பெயரை மாற்றி, தாய்மொழி பேசினால் தண்டித்தார்கள். பிள்ளைக்குள் இருக்கும் பூர்வகுடியைக் கொன்று மனிதனைக் காப்பாற்ற வேண்டும் என்று 1892-இல் வெளிப்படையாகவே பேசியவர் பிராட். வீடு திரும்பாமல் அங்கேயே இறந்த பிள்ளைகளின் கல்லறைகள் நூற்றுக்கும் மேல்.

அந்த வளாகத்திலிருந்து கிளம்பிய அணிதான், பந்தைக் கையில் ஏந்தி முட்டி மோதி ஓடும் அமெரிக்கக் கால்பந்தில் நாட்டின் பெரிய கல்லூரிகளைத் தோற்கடித்தது. 1911-இல் ஹார்வர்டை 18-15 என்று வென்றது. அடுத்த ஆண்டு 12 வெற்றி, 1 தோல்வி, 1 சமன். தோற்றது பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திடம், 34-26. எதிரணியினர் பெரும்பாலும் இவர்களைவிட உடல் கனம் கூடியவர்கள். முட்டி மோதி ஜெயிக்க முடியாது என்பதால் வேகத்தையும் போக்குக் காட்டுவதையும் ஆயுதமாக்கினார்கள். பயிற்சியாளர் பாப் வார்னர் வகுத்த வியூகங்கள் நுட்பமானவைதான், மறுக்கவில்லை. ஆனால் அவற்றைக் களத்தில் ஓடிக் காட்டிய கால்கள் அந்த இளைஞர்களுடையவை.

1912 நவம்பர் 9 அன்று வெஸ்ட் பாயின்ட்டில் நடந்த ஆட்டத்தைச் சொல்லியே ஆக வேண்டும். எதிரே ராணுவக் கல்லூரி. அமெரிக்க ராணுவம் பூர்வகுடிகளைக் கொன்று குவித்த வூண்டட் நீ படுகொலை நடந்து 22 ஆண்டுகள்கூட நிறைந்திருக்கவில்லை. துப்பாக்கி ஏந்தியவர்களின் வாரிசுகளும் அடிபட்டவர்களின் வாரிசுகளும் ஒரே விதிகளின் கீழ், ஒரே நடுவரின் முன் நின்றார்கள். கார்லைல் 27, ராணுவம் 6. பின்னாளில் அமெரிக்க அதிபரான ஐசனோவர் அன்று தோற்ற அணியில் ஆடினார். தோர்ப்பின் திறமையைப் பல ஆண்டுகள் கழித்தும் வியந்து பேசினார்.

அந்தக் கோடையில்தான் தோர்ப் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஐந்து போட்டிகள் சேர்ந்த பென்டத்லான், பத்துப் போட்டிகள் சேர்ந்த டெகத்லான் இரண்டிலும் தங்கம் வென்றிருந்தார். முன்பு சிறு அணிகளில் சில்லறைப் பணத்துக்கு பேஸ்பால் ஆடியவர் என்ற செய்தி 1913 ஜனவரியில் வெளியானதும் பதக்கங்களைப் பறித்தார்கள்; பணத்துக்கு ஆடியவர்களுக்கு அன்று ஒலிம்பிக்கில் இடமில்லை. ஆட்சேபத்தை 30 நாட்களுக்குள் எழுப்ப வேண்டும் என்ற விதியைக்கூடப் பார்க்கவில்லை. அன்று பல கல்லூரி மாணவர்கள் பொய்ப் பெயரில் அதே வேலையைச் செய்தார்கள். சொந்தப் பெயரில் ஆடிய தோர்ப் மாட்டிக்கொண்டார். தனக்கு எதுவும் தெரியாது என்று வார்னர் சொன்னதை என்னால் நம்ப முடியவில்லை. 1953-இல் தோர்ப் இறந்தார். 1982-இல் ஒலிம்பிக் குழு அவரை இணை வெற்றியாளராக்கியது. தனி வெற்றியாளர் என்று ஏற்க 2022 வரை ஆனது.

பணம் எங்கே போனது என்பதையும் கேட்க வேண்டும். பெரிய ஆட்டங்களை வெளியூர்களில் வைத்ததே டிக்கெட் வசூலுக்காகத்தான். அந்தப் பணம் சேர்ந்த விளையாட்டு நிதி வார்னரின் கைப்பிடியில் இருந்தது. இந்த நிலையை எதிர்த்து எழுந்தவர்களில் முன்னணியில் நின்றவர் கஸ் வெல்ச், 1912 அணியில் ஆட்டத்தை வழிநடத்திய அதே இளைஞர். மாணவர்களிடம் கையெழுத்து வாங்கி அரசுக்கு மனு அனுப்பினார். 1914-இல் நாடாளுமன்றக் குழு விசாரணைக்கு வந்தது. கண்காணிப்பாளர் பதவி இழந்தார், வார்னரும் வெளியேறினார். 1918-இல் பள்ளி மூடப்பட்டது.

வெல்ச்சின் பெயரே இல்லாமல் கார்லைலைப் பாராட்டும் கட்டுரைகளை நான் இனிப் பகிரப்போவதில்லை.