ரெக்கார்டு நோட்டில் மட்டும் ஓடும் மோட்டார்

குறுவை நாற்றங்கால் காயும் நேரம் பார்த்துத்தான் போர்செட் மோட்டார் கருகும். ஜூன் 12இல் மேட்டூரைத் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்துசேர நாளாகும். அதுவரை எங்களுக்கு மோட்டார்தான் கதி. அது நின்றால் ஊரே என் சித்தப்பா மகனைப் பார்க்கிறது. "எலக்ட்ரிக்கல் இன்ஜினீயர்தானே, என்னவென்று பாரப்பா." அவன் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறக்கவே தயங்குகிறான். உடனே டீக்கடையில் "ஏட்டுச் சுரைக்காய்" என்று சிரிப்பு.

எனக்குப் பற்றிக்கொண்டு வருவது அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான். ஏட்டிலாவது சுரைக்காயை ஒழுங்காக வரைந்து கொடுத்தார்களா? மூன்று மா நிலத்தை விற்றுக் கட்டணம் கட்டினார் சித்தப்பா. ஆய்வகத்தில் வகுப்புக்கே ஒரு மோட்டார். இணைப்புக் கொடுப்பவர் உதவியாளர். முன்னால் நிற்கும் நாலு பேர் அம்மீட்டரைப் பார்ப்பார்கள். மற்றவர்கள் சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்ப்பார்கள். ஸ்பேனரைத் தொடாமலேயே செய்முறைத் தேர்வில் முழு மதிப்பெண்! போட்டவர்களுக்குக் கை கூசவில்லையா?

கடைசியில் மோட்டாரைப் பிரித்தவர் மன்னார்குடியில் வைண்டிங் கடை வைத்திருக்கும் அண்ணன். ஐ.டி.ஐ. படித்தவர். மூடியைக் கழற்றினால், மும்முனை மின்சாரத்தில் இரண்டு முனைகளின் (பேஸ்) காயில்கள் கருகிக் கிடந்தன. மூன்றாவது மட்டும் பளபளவென்று இருந்தது. மீட்டரைக்கூட எடுக்கவில்லை அவர். "ஒரு பேஸ் போய், மீதி இரண்டிலேயே ஓடியிருக்கிறது. அப்போது மோட்டாரை நிறுத்த வேண்டிய ரிலேயை யாரோ ஒதுக்கிவிட்டு நேரடியாக இணைத்து வைத்திருக்கிறீர்கள்" என்றார். பக்கத்தில் நின்ற சித்தப்பா மகன் மெல்லச் சொன்னான்: "அப்படி ஓடினால் அந்த இரண்டிலும் மின்னோட்டம் ஏறத்தாழ 1.7 மடங்கு ஆகும் அண்ணே." கணக்கு சரி. அந்தக் கணக்கையும் கருகிய செம்பையும் ஒரே மேசையில் வைத்துக் காட்ட அந்தக் கல்லூரிக்கு நான்கு வருடம் போதவில்லை!

1961ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தில் பொறியியல் பட்டதாரிகளையும் 1973இலேயே சேர்த்துவிட்டார்கள். பட்டம் மட்டும் போதாது என்று அப்போதே தெரிந்திருக்கிறது.

நாமும் லேசுப்பட்டவர்களா? வைண்டிங் கடைக்காரரிடம் கூலிக்கு ஒரு மணி நேரம் பேரம். கல்லூரி கேட்ட கட்டணத்துக்கு வாயே திறக்கவில்லை.

இப்போது சித்தப்பா இளையவளுக்குக் கல்லூரி தேடுகிறார். ஊர் வரைக்கும் பஸ் வருமா, விடுதிச் சாப்பாடு எப்படி என்று விசாரணை. "ஆய்வகத்தில் எத்தனை மோட்டார், பிள்ளைகளைப் பிரிக்க விடுவார்களா என்று கேளுங்கள் சித்தப்பா" என்றேன். "அதையெல்லாம் கேட்டால் தப்பாக நினைப்பார்களடா" என்கிறார்.